கப்ருக்கும் தவணை உண்டா?



நவம்பர் 2 வந்தால் தீவகத்துக் கத்தோலிக்க உறவுகள் சேமக்காலையைத் துப்புரவாக்கி மெழுகுதிரி கொளுத்துவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறோம். அந்த நாளின் வேர் பிரான்சில் இருக்கிறது. அங்குள்ள குளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ சுமார் 998இல் தொடங்கி வைத்த வழக்கம் அது.

இன்றும் பிரான்சில் நவம்பர் 1 அரச விடுமுறை. அன்று சவக்காலைகள் செவ்வந்திப் பூச்சட்டிகளால் நிறையும். அதனாலேயே அங்கே ஒரு வீட்டுக்கு விருந்து போகிறவர் செவ்வந்தி கொண்டு போகமாட்டார்.

ஆனால் அங்கே கல்லறைக்கும் தவணை உண்டு. 15, 30, 50 வருடம் என்று இடம் எடுப்பார்கள். தவணை முடிந்து யாரும் புதுப்பிக்காவிட்டால் நகரசபை இடத்தை எடுத்துவிடும். 1881ஆம் ஆண்டுச் சட்டம் பொதுச் சவக்காலைகளில் மதவாரியான பிரிவுகளையும் நீக்கியது. முஸ்லிம்களுக்கென்று பாரிசுக்கு அருகே பொபினியில் மையவாடி திறந்தது 1937இல்தான்.

நமது மையவாடிக்குத் தவணை இல்லை, வாடகையும் இல்லை. இருந்தும் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது உம்மா வாப்பாவின் கப்ருகளை விட்டுவிட்டுத்தான் போனோம். பார்க்க ஆளில்லாத வருடங்களில் பற்றை மூடியது. எது யாருடைய கப்ர் என்று கை காட்டக்கூடிய மூத்தவர்களும் இப்போது குறைந்து வருகிறார்கள்.

கப்ருகளை ஸியாரத் செய்வது மறுமையை நினைவூட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். பூவும் வேண்டாம், மெழுகுதிரியும் வேண்டாம். விடுமுறைக்குச் சாட்டியில் குளிக்க வரும் பிள்ளைகளை ஒரு மூத்தவருடன் மையவாடிக்கும் கூட்டிப் போவோம். ஸலாம் சொல்லி, துஆ கேட்டு, அவர் காட்டும் இடங்களை ஒரு கொப்பியில் எழுதி வைப்போம்.