நிக்சனின் கடைசி நாட்களும் ஒரு வாய்மொழி உத்தரவும்

வாட்டர்கேட் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது திருட்டு, டேப், ராஜினாமா. இந்த மூன்றையும் பற்றி எக்கச்சக்கமாக எழுதியாச்சு. அதே நாட்களில் பெண்டகனில் நடந்த ஒரு விஷயம் மட்டும் பல புத்தகங்களில் ஒரு பத்தியோடு முடிந்துவிடுகிறது. எனக்கென்னவோ அந்தப் பத்திதான் மொத்தக் கதையிலும் யோசிக்க வைக்கிற இடம்.

1974 ஆகஸ்ட் முதல் வாரம். நிக்சனை மாட்டிவிட்ட டேப்பின் எழுத்து வடிவம் 5ஆம் தேதி வெளியானது. 9ஆம் தேதி அவர் பதவியில் இல்லை. அதற்கு முன்பே பாதுகாப்பு அமைச்சர் ஜேம்ஸ் ஷ்லெசிங்கர், முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவர் ஜெனரல் ஜார்ஜ் பிரவுனிடம் ஒரு விஷயம் சொல்லி வைத்திருந்தார். வெள்ளை மாளிகையிலிருந்து வழக்கத்துக்கு மாறாக எந்த உத்தரவு வந்தாலும் முதலில் என்னிடம் காட்டுங்கள், அப்புறம்தான் அடுத்த அடி. இதுதான் சாராம்சம். அந்த மாதம் முடிவதற்குள் செய்தி கசிந்து பத்திரிகைகளில் வந்துவிட்டது.

ஷ்லெசிங்கர் யார்? ஹார்வர்டில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம். ராண்ட் நிறுவனத்தில் அணு ஆயுத உத்திகளை ஆராய்ந்தவர். அணுசக்தி ஆணையத் தலைவராக இருந்து, சில மாதங்கள் சிஐஏ இயக்குநராகவும் இருந்துவிட்டு, 1973இல் பாதுகாப்பு அமைச்சரானார். கோட் சூட் போட்ட சிவிலியன். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அவர் செய்தது சரியா? இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலாவது, சாதாரணப் படைகள். 1958இல் வந்த பாதுகாப்புத் துறைச் சீரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு கட்டளை இறங்கும் பாதை தெளிவு: அதிபர், அவருக்குக் கீழே பாதுகாப்பு அமைச்சர், அவருக்குக் கீழே களத்துப் படைப்பிரிவுகளின் தளபதிகள். அதிபர் நேராக ஒரு ஜெனரலுக்குப் போன் போட்டு "படையோட வாஷிங்டனுக்கு வாப்பா" என்றால், அது அமைச்சரைத் தாண்டிப் போகிற உத்தரவு. ஆக இந்த விஷயத்தில் ஷ்லெசிங்கர் புதுசாக ஒன்றும் செய்யவில்லை. ஏற்கனவே இருக்கிற விதியை, மறந்துவிடாதீர்கள் என்று நினைவுபடுத்தினார், அவ்வளவுதான்.

இரண்டாவதுதான் சிக்கல். அணு ஆயுதம். அங்கே முடிவெடுக்கும் அதிகாரம் அதிபர் ஒருவருக்கே. அமைச்சருக்கு வீட்டோ கிடையாது. வெடிக்கச் சில நிமிடங்களே இருக்கும் ஆயுதத்துக்குக் கமிட்டி போட முடியாது என்பது பனிப்போர்க் காலத் தர்க்கம். எங்கள் தொழிலில் சொன்னால், ரூட் அனுமதி ஒரே ஆளிடம். ஷ்லெசிங்கர் அந்த அனுமதியைப் பிடுங்கவில்லை. நடுவில் தன் ஒப்புதலையும் கேட்கிற மாதிரி ஒரு படியைச் செருகினார். அதுவும் வாய்மொழியாக, எந்த லாகிலும் பதியாமல்.

முறையான வழியே இல்லையா என்றால், இருந்தது. 1967இல் நடைமுறைக்கு வந்த 25ஆவது திருத்தத்தின் 4ஆம் பிரிவுப்படி துணை அதிபரும் அமைச்சரவையில் பெரும்பான்மையினரும் சேர்ந்து, அதிபர் செயல்படும் நிலையில் இல்லை என்று எழுதிக் கொடுக்கலாம். பதவிநீக்க நடவடிக்கையும் ஜூலை கடைசியிலேயே பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழுவைத் தாண்டியிருந்தது. ஆனால் இரண்டுமே நாள் கணக்கில், வாரக் கணக்கில் நகர்கிற வழிகள். அணு ஆயுத உத்தரவு நிமிடக் கணக்கு. இந்த இடைவெளியில்தான் ஷ்லெசிங்கர் வந்து நின்றார்.

இதற்குப் பத்து மாதம் முன்னால் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1973 அக்டோபர் 24 இரவு, அரபு-இஸ்ரேல் போரின் உச்சம். பிரெஷ்னெவிடமிருந்து மிரட்டல் தொனியில் ஒரு கடிதம். வெள்ளை மாளிகையின் கீழ்த்தளத்தில் கிஸ்ஸிஞ்சர், ஷ்லெசிங்கர், சிஐஏவின் கோல்பி, அட்மிரல் மூரர், ஹெய்க் எல்லாரும் கூடி, உலகம் முழுக்க அமெரிக்கப் படைகளின் உஷார் நிலையை டெஃப்கான் 3க்கு உயர்த்தினார்கள். அதிபர்? மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. துணை அதிபர் என்று ஒருவரும் இல்லை. ஆக்னியூ இரண்டு வாரம் முன்னால்தான் ராஜினாமா செய்திருந்தார், ஃபோர்டு டிசம்பரில்தான் பதவியேற்றார். அந்த அறையில் இருந்த ஒருவர்கூட ஓட்டு வாங்கி வந்தவர் இல்லை. இதைப் பார்த்த ஷ்லெசிங்கருக்கு, அதிபரைச் சுற்றிக்கொண்டும் இயந்திரம் ஓடும் என்பது 1974க்கு முன்பே தெரியும்.

அதே 1973இல் கீழ்மட்டத்திலிருந்து ஒருத்தர் இந்தக் கேள்வியை நேராகவே கேட்டார். மேஜர் ஹெரால்ட் ஹெரிங், வியட்நாமில் பணியாற்றிய விமானப்படை அதிகாரி. ஏவுகணை ஏவும் பணிக்கான பயிற்சி வகுப்பில், எனக்கு வருகிற உத்தரவு மனநிலை சரியாக இருக்கும் அதிபரிடமிருந்துதான் வருகிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றார். பதில் வரவில்லை. பயிற்சியிலிருந்து நிறுத்தினார்கள், அப்புறம் விசாரணை வைத்து விமானப்படையிலிருந்தே வெளியே அனுப்பிவிட்டார்கள். மேஜர் வாய்விட்டுக் கேட்டால் வேலை போகிறது. அமைச்சர் அதையே காதோடு காதாகச் செய்தால், ராஜதந்திரம்.

கிண்டலை விடுங்கள், இரண்டுக்கும் உண்மையிலேயே வித்தியாசம் உண்டு. ஏவுகணை அறையில் இருக்கும் ஒவ்வொரு மேஜரும் அதிபரின் மனநிலையை எடைபோட ஆரம்பித்தால், ராணுவம்தான் ஆட்சி செய்கிறது என்று அர்த்தம். ஷ்லெசிங்கர் செனட் ஒப்புதலோடு பதவிக்கு வந்தவர், கட்டளைச் சங்கிலியில் சட்டப்படி இடம் உள்ளவர். ஜெனரல்கள் தாங்களாகக் கூடி முடிவெடுக்கவில்லை. ஒரு சிவிலியன் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், சட்டத்தை ஓரளவு வளைத்தாலும், ராணுவத்தின் கடிவாளம் சிவிலியன் கையை விட்டுப் போகாமல் அவர் பார்த்துக்கொண்டார்.

2021 ஜனவரியோடு ஒப்பிட்டால் இது பளிச்சென்று தெரியும். நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட இரண்டாவது நாள், தளபதிகள் குழுத் தலைவர் ஜெனரல் மார்க் மில்லி, அணு ஆயுத உத்தரவு ஏதாவது வந்தால் நடைமுறையில் தானும் இருக்க வேண்டும் என்று பெண்டகனின் கட்டளை மைய அதிகாரிகளிடம் நினைவுபடுத்தினார். ஷ்லெசிங்கர் கதைதான், ஆனால் ஆள் மாறிவிட்டார்: இந்த முறை பேசியவர் யூனிஃபார்மில் இருந்தார். அந்தப் பதவிக்குச் சட்டப்படி ஆலோசனை சொல்லும் வேலைதான், கட்டளையிடும் வேலை இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் செனட் குழு முன்னால் மில்லி இதை மறுக்கவில்லை. கட்டளைச் சங்கிலியில் நான் இல்லை, தகவல் போய்வரும் சங்கிலியில் இருக்கிறேன் என்று விளக்கம் கொடுத்தார்.

அணு ஆயுத உத்தரவு கொடுக்கும் அதிகாரம் மட்டும் 1974இல் இருந்த மாதிரியே இன்றைக்கும் ஒரே ஆளிடம்தான் இருக்கிறது.