ஏடும் அதைப் படிக்கும் முறையும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர் கணக்கு செக்ரோல் என்னும் பெயரேட்டில் அடங்கியிருந்தது. விடியுமுன் கூடும் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், கிராணியார் வந்தவர் வராதவரைக் குறித்துக்கொண்டு, மாதக் கடைசியில் அக்குறிகளைக் கூட்டிக் கூலியைக் கணக்கிட்டார். ஏட்டில் இருந்தவை குறிகளும் எண்களுமே. அவற்றுக்குப் பொருள் தந்த விதிகள் கிராணியாரின் பழக்கத்தில் இருந்தமையால், வேறொருவர் அதைப் புரட்டிக் கூலியைக் கண்டறிவது எளிதன்று.

தரவு ஓரிடம், அதைக் கையாளும் விதி வேறிடம் என்ற இப்பிரிவினை தொடக்கக் காலக் கணினி நிரல்களிலும் நிலவியது. 1971இல் யூனிக்ஸ் இயங்குதளத்தில் இடம்பெற்ற ‘கேட்’ என்னும் நிரல், கோப்பின் உள்ளடக்கத்தை இருந்தவாறே வெளியிட்டதேயன்றி அதன் தன்மையை ஆராயவில்லை. நார்வே நாட்டு அறிஞர்கள் ஓலே-யோஹான் டால், கிரிஸ்டன் நிகோர் ஆகியோரின் சிமுலா 67 மொழி, தரவையும் அதன்மீது செயல்படும் கட்டளைகளையும் ஒரே அலகில் பிணைத்தது. 1970களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஆலன் கே குழுவினர் உருவாக்கிய ஸ்மால்டாக் மொழி இதனை முழுமையான நெறியாக வளர்த்தது. இதுவே பொருள்நோக்கு நிரலாக்கம் எனப்படுகிறது. இந்நெறியில் எழுதப்படும் கோப்பு அச்சிடும் நிரற்கூறு, கோப்பின் பெயரையும் அதன் எழுத்துக் குறியாக்கத்தையும், அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் தரப்படும் எண்ணையும், தன்னுள் வைத்துக்கொண்டு, திறத்தல், வரிவரியாகப் படித்தல், அச்சிடுதல், மூடுதல் ஆகிய வழிமுறைகளைத் தானே வழங்குவதால், அதனை அழைக்கும் நிரல் உள்விவரங்களை அறிய வேண்டியதில்லை.

குறியாக்கத்தைக் கோப்போடு பிணைத்து வைப்பதன் தேவையைத் தமிழ்க் கோப்புகள் தெளிவாக உணர்த்தின. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கத் தொடங்கிய முரசு உள்ளிட்ட தமிழ் மென்பொருள்கள் பெருகிய காலத்தில், எழுத்துருவுக்கு எழுத்துரு குறியாக்கம் வேறுபட்டமையால், ஒன்றில் தட்டச்சு செய்த கோப்பு மற்றொன்றில் பொருளற்ற குறிகளாக அச்சாயிற்று. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியாக்கங்களை ஏற்றது. 1991 முதலே தமிழை உள்ளடக்கியிருந்த, பல மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம், 2010இல்தான் தமிழக அரசின் தரமாயிற்று. இதற்கிடையே, 2002இல் வெளிவந்த பெர்ல் நிரலாக்க மொழியின் 5.8 பதிப்பு, கோப்பைத் திறக்கும்போதே குறியாக்கத்தைச் சுட்டும் வசதியைத் தந்தது.

யூனிகோடு பரவிய பின்னரும் பல பழைய கோப்புகள் பழைய குறியாக்கங்களிலேயே உள்ளன. தோட்டத்துப் பெயரேடுகளைக் கணினியில் ஏற்றினாலும் இதே நிலைதான்: குறிகளின் விதிகளையும் அவற்றுடன் பதியாவிடில், எண்கள் எஞ்சுமேயன்றி ஒரு தொழிலாளியின் மாதக் கூலி எஞ்சாது.