கம்பவுண்டர் பயிற்சி

பிரிட்டிஷ் இந்தியாவில், டாக்டர் எழுதும் சீட்டைப் பார்த்து மருந்து கலந்து கொடுப்பவர்களை உருவாக்கிய முறை. மருந்தாக்கத்தில் பட்டப்படிப்பு வருவதற்கு முன்பு இத்தொழிலுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த வழியாகவே வந்தனர்.

போர்ச்சுக்கீசியர் ஆண்ட கோவாவில் 1842இலேயே மருத்துவப் பள்ளியில் மருந்தாக்கம் கற்பிக்கப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ‘கெமிஸ்ட் அண்ட் டிரக்கிஸ்ட்’ தேர்வுக்கான வகுப்புகள் தொடங்கின. வங்காளத்தில் கம்பவுண்டர்களுக்கு முறையான பயிற்சி 1881இல் ஏற்பட்டது. ஆனால் நாடு முழுவதற்கும் பொதுவான பாடத்திட்டமோ பதிவேடோ இல்லை. டிஸ்பென்சரியில் சேர்ந்து, மூத்தவரின் கையைப் பார்த்துப் பழகித் தொழிலுக்கு வந்தவர்களும் ஏராளம்.

அவர்கள் பழகிய வேலை எளிதானதன்று. கல்வத்தில் சரக்குகளை அரைப்பது, தராசில் கிரெயின் கணக்கில் நிறுப்பது, மாத்திரை உருட்டுவது, பொட்டலம் மடிப்பது, களிம்பு குழைப்பது, மிக்சரைக் குப்பியில் நிரப்பி வேளைக்கு இவ்வளவு என்று தெரியும்படி காகிதப் பட்டை ஒட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. திரவங்களுக்குத் தனிக் கணக்கு: 60 மினிம் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ். சீட்டிலோ லத்தீன் சுருக்கெழுத்துகள், ‘டி.டி.எஸ்.’ என்றிருந்தால் நாளுக்கு மூன்று வேளை. மருந்துகளின் தரத்துக்கும் அளவுக்கும் பிரிட்டிஷ் பார்மகோபியாவே ஆதாரம். இந்தியச் சரக்குகளுக்கும் இடம் தர அதற்கு 1900இல் ஓர் இணைப்பு வெளிவந்தது. அதற்கும் முன்பே, 1869இல், சென்னை மருத்துவர் மொகிதீன் ஷெரீப் இந்திய பார்மகோபியாவுக்குத் துணைநூல் எழுதி, மருந்துச் சரக்குகளுக்கு நாட்டு மொழிகளில் வழங்கும் பெயர்களைத் தொகுத்திருந்தார்.

கைப்பழக்கம் மட்டும் ஏன் போதாது என்பதற்கு எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கும் ஸ்டிரிக்னைன் நல்ல சான்று. அக்காலத்தில் இது மிகச் சிறிய அளவில் டானிக்காகக் கொடுக்கப்பட்டது. இதன் உப்பைப் பொட்டாசியம் புரோமைடோடு ஒரே குப்பியில் கலந்தால், கரையாத ஸ்டிரிக்னைன் புரோமைடு மெல்ல மெல்ல அடியில் படியும். முதல் சில வேளைகளில் நோயாளிக்குக் கெடுதல் எதுவும் தெரியாது. கடைசி வேளையில் மொத்த நஞ்சும் சேர்ந்து உள்ளே போய்விடும். சீட்டில் உள்ளபடி பிசகில்லாமல் நிறுத்துக் கலந்தவராலும் இதைத் தடுக்க முடியாது. வேதியியல் படித்தவரால்தான் முடியும். அன்றைய பயிற்சியின் பெருங்குறை இதுதான். அந்தப் படிப்பைத் தராதவர்கள் மேல்தான் பழி. கம்பவுண்டர்கள் மேல் அன்று.

மாற்றத்துக்கு உடனடிக் காரணமாக அமைந்தது பயிற்சியின் குறை அன்று, போலி மருந்து. கலப்பட குவினைனும் வீரியமற்ற மருந்துகளும் சந்தையில் மலிந்தன. இதுபற்றி 1927இல் மாநிலங்கள் அவையில் ஹாரூன் ஜாஃபர் தீர்மானம் கொண்டுவந்தார். 1930இல் கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மறு ஆண்டு வெளிவந்த அதன் அறிக்கை, மருந்துத் தரக்கட்டுப்பாட்டோடு மருந்தாளுநர் கல்வியையும் பதிவையும் வற்புறுத்தியது.

அரசு அசையாதிருந்த காலத்தில் கல்வியாளர்கள் முந்திக்கொண்டார்கள். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய மகாதேவ லால் ஷ்ராஃபின் முயற்சியால், மதன்மோகன் மாளவியாவின் ஆதரவோடு, பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் 1932இல் மருந்தாக்க வேதியியல் பாடமாயிற்று. 1937இல் அங்கு மூன்றாண்டு பி.பார்ம். படிப்பு வந்தது. இந்திய மருந்தாக்கக் கல்வியின் தந்தை என்று ஷ்ராஃப் போற்றப்படுவது முற்றிலும் தகும்.

மருந்துச் சட்டம் 1940இல் இயற்றப்பட்டது. கல்வியையும் பதிவையும் ஒழுங்குபடுத்தும் பார்மசி சட்டம் 1948இல்தான் வந்தது. சோப்ரா அறிக்கைக்கும் அதற்கும் இடையே 17 ஆண்டுகள். பழைய கம்பவுண்டர்களை அச்சட்டம் கைவிடவில்லை. டாக்டர் சீட்டுப்படி மருந்து வழங்கும் இடத்தில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் மருந்து கலந்தவர்கள், பட்டம் இல்லாமலே முதல் பதிவேட்டில் இடம்பெற அது வழிசெய்தது.