வால்வும் டிரான்சிஸ்டரும்



திருப்பூர் வட்டாரத்துக்கு இரண்டு ஓசைகள் உண்டு. ஒன்று, பனியன் கம்பெனிகளின் பின்னற் பொறிகளும் பல்லடம் பக்கத்து விசைத்தறிகளும் எழுப்புவது. மற்றொன்று, ‘நோம்பி’ என்று எங்கள் ஊர்ப்புறங்களில் வழங்கும் கோயில் திருவிழாவிலே மைக் செட்டு எழுப்புவது. இரண்டாவது ஓசையின் வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன். கூறி முடிக்குமுன் முதலாவதும் தானே வந்து சேரும்.

மின்பெருக்கி தோன்றுமுன் பாடுவோர்க்குத் தொண்டை ஒன்றே துணை. 1925இல் குலாம் காதர் என்பார் திருப்பூரில் பேபி நிட்டிங் என்னும் பின்னலாடைத் தொழிலகத்தைத் தொடங்கிய காலத்தில், நாடகமே மக்களின் பெரும் பொழுதுபோக்கு. கொடுமுடியிற் பிறந்த கே. பி. சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் உயர்ந்த சுருதியிற் பாடிக் கடைசி வரிசையினரையும் கேட்கச் செய்தனர். 1932 சனவரியில் திருப்பூர்க் குமரன் கொடியேந்திச் சென்ற ஊர்வலத்தின் முழக்கமும் மனிதர்தம் தொண்டையிலிருந்தே எழுந்தது.

இதற்குள் மேலைநாடுகளில் ஒரு புதுமை நிகழ்ந்துவிட்டது. 1904இல் இங்கிலாந்தில் பிளெமிங் இருமுனை வால்வை அமைத்தார். 1906இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் அதனுள் மூன்றாவதாக ஒரு கம்பிவலையைச் சேர்த்தார். காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள், சூடேறிய முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் மறுமுனைக்குப் பாய்கின்றன. இடையிலுள்ள வலையின் மின்னழுத்தம் சிறிது மாறினும் அப்பாய்ச்சல் பெரிதும் கூடும் அல்லது குறையும். வாய்க்கால் மடையின் பலகையைச் சிறுவன் ஒருவன் ஏற்றி இறக்க, பெருவெள்ளம் அவன் கைக்குப் பணிவது போன்றது இது. மெல்லிய குரல் பெருங்குரலாவது இவ்வாறே.

1931 அக்டோபரில் ‘காளிதாஸ்’ என்னும் பேசும் படம் வெளிவந்தது. அதன்பின் பேசும் படம் காட்ட விரும்பிய கொட்டகைகட்கெல்லாம் ஒலிபெருக்கும் கருவி இன்றியமையாததாயிற்று. 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கவே, கோவை வட்டாரத்தில் மின்சாரம் பெருகிற்று. ஆலைக்கு வந்த மின்சாரம் மேடைக்கும் வந்தது. 1940இல் தில்லியில் தோன்றிய அகுஜா போன்ற நிறுவனங்கள் ஒலிபெருக்கும் கருவிகளை இந்நாட்டிலேயே செய்யலாயின.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் நோம்பிக்கு வந்தது வால்வு மைக் செட்டுதான். ஒருவர் தனியே தூக்கத் திணறும் இரும்புப் பெட்டி அது. விசையைத் தட்டியவுடன் ஒலிக்காது. அரை நிமிடம் சென்றபின் குமிழ்களுக்குள் செந்நிறம் படரும். அதன்பின் வேப்பமரத்துக் குழாய் பாடும். நாங்கள் அவசரப்பட்டால் செட்டுக்காரர், “சூடேறட்டும் கண்ணு, பொறுங்க” என்பார்.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதற்காகப் பார்டீன், பிராட்டைன், ஷாக்லி ஆகிய மூவரும் 1956இல் நோபல் பரிசு பெற்றனர். டிரான்சிஸ்டருக்குச் சூடேறும் காத்திருப்பு இல்லை. உடையும் கண்ணாடி இல்லை. சில நூறு வோல்ட்டு வேண்டிய இடத்தில் 12 வோல்ட்டு பாட்டரியே போதும். பெங்களூரில் 1954இல் அமைந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960களில் வால்வு, டிரான்சிஸ்டர் இரண்டையுமே செய்தது. சில ஆண்டுகளில் எங்கள் செட்டுக்காரரின் இரும்புப் பெட்டியும் பரணுக்குப் போயிற்று.

இரண்டனுள் எது சிறந்தது? கருவியின் ஆற்றலை மீறி ஒலியைக் கேட்கும்போதுதான் வேறுபாடு புலனாகும். வால்வு, அலையின் உச்சியை மெல்ல மழுக்கும். டிரான்சிஸ்டரோ கத்தியால் நறுக்கினாற்போல் வெட்டிவிடும். முன்னதன் கரகரப்பு படிப்படியாக ஏறும். பின்னது திடீரெனச் செவியைக் குத்தும். மின்கிதார் வாசிப்போர் அந்த வால்வுக் கரகரப்பையே இசையாக்கிக் கொண்டனர். அமெரிக்காவில் லியோ பெண்டரும், 1962 முதல் இலண்டனில் ஜிம் மார்ஷலும் செய்தளித்த வால்வுப் பெருக்கிகளை இன்றும் தேடி வாங்குவோர் பலர். அவர்களுக்குப் பெருக்கியும் கிதாரின் ஓர் உறுப்பே ஆகும். ஆனால், கூட்டத்தில் ஒருவர் பேசுவதைப் பிழையின்றி எடுத்துச் சொல்ல வேண்டுமாயின் புதிய கருவியே தக்கது. எனவே, எதற்கு என்று வினவாமல் எது சிறந்தது என்று வினவுவது பொருந்தாது.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. ஒலி இருமடங்காகச் செவிக்குத் தோன்ற, மின்திறன் ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். வால்வுக் காலத்தில் அத்திறனுக்கு விலையும் எடையும் வெப்பமும் தடையாய் நின்றன. இன்று அத்தடைகள் பெரிதும் நீங்கிவிட்டன; சில பத்து வாட்டு ஒலித்த இடத்தில் பல ஆயிரம் வாட்டு ஒலிக்கிறது. மனிதன் செவியோ அன்றிருந்ததே.

என் தமையனார் விசைத்தறிக் கூடத்தில் இருபது ஆண்டுகள் உழைத்தவர். அத்தகைய கூடங்களில் ஓசை 90 டெசிபெல்லைக் கடப்பதுண்டு. வீட்டில் அவர் எப்போதும் உரக்கவே பேசுவார். சினம் மிக்கவர் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். ஒரு நோம்பியன்று, அடுக்கிவைத்த புதிய ஒலிப்பெட்டிகளின் முன்னே குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓட, அவர் மட்டும் அருகே சென்று நின்றார். “இப்பத்தான் பாட்டு நல்லாக் கேக்குது” என்று மகிழ்ந்து கூறினார். அவர் செவி பழுதுற்றதை அன்றுதான் உணர்ந்தேன். பின்னர் மருத்துவரும் அதனையே கூறினார்; இழந்ததை மீட்க இயலாது என்றும் கூறினார்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், அரசு தனி இசைவு தந்த சில விழா நாள்கள் நீங்கலாக, பொதுவிடங்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. பகலில் நேரும் தீங்கைத் தடுப்பது பெரிதும் நம் பொறுப்பே. தறிக்கூடத்துக்குச் செல்லும் உறவினர்க்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். நோம்பிக்கு மைக் செட்டுப் பேசும்போது, எத்தனை பெட்டி என்று கேட்பதோடு, எவ்வளவு ஒலி போதும் என்றும் பெரியவர்களைக் கேளுங்கள். பழைய வால்வு, அளவு மீறுவதை முன்கூட்டியே கரகரத்து உணர்த்திற்று. இனி அதை உணர்த்த வேண்டியவர்கள் நாமே.