நார்வே உழவரின் நாட்கோல்

அச்சிட்ட நாள்காட்டி எட்டாத மலைக்குடில்களில் வாழ்ந்த நார்வே உழவர், ஆண்டின் போக்கை ஒரு மரக்கோலின் துணையாற் கணித்தனர். பிரிம்ஸ்தாவ் என்பது அதன் பெயர். தட்டையான அக்கோலின் இருபுறமும் நாளுக்கொரு வெட்டுக்குறி இருக்கும். ஏப்ரல் 14இல் தொடங்குவது கோடைப்பக்கம்; அதன் முதற்சின்னம் தழைத்த மரம். அக்டோபர் 14இல் கோலைப் புரட்டினால் குளிர்காலப் பக்கம். அதன் முதற்சின்னம் கையுறை. அவர்களுக்கு ஆண்டின் பகுதிகள் இவ்விரண்டே.

இடையிடையே செதுக்கப்பட்ட சின்னங்கள் பெரும்பாலும் கத்தோலிக்கப் புனிதர்களின் திருநாள்களைக் குறிப்பன. ஆயினும் இக்கோலைச் சமயப் பொருளாக மட்டும் காண்பது குறையுடைத்து. அது களஞ்சியத்தின் கணக்கேடும் ஆகும். செப்டம்பர் 29இல் உள்ள துலாக்கோல், உயிர்களை நிறுக்கும் மிக்கேல் தூதருடையது. உழவனுக்கோ அது கதிர் வீடு சேர்ந்து, மலைமேய்ச்சலுக்குப் போன மாடுகள் தொழுவம் திரும்பும் காலம். நவம்பர் 11, மார்ட்டின் நாள், சின்னம் பெருவாத்து. கொழுத்த பறவையோ பன்றியோ அன்று விருந்தாகும்.

டிசம்பர் 13 லூசியாவின் இரவு. பழைய நாள்கணக்கின் பிழையால் நெடுங்காலம் அதுவே ஆண்டின் மிக நீண்ட இரவாகக் கருதப்பட்டது. லுசி என்னும் பெண்பேய் அன்றிரவு வீடுதோறும் வந்து, கிறித்துமசுக்குரிய வேலைகள் முடிந்தனவா என்று பார்ப்பாள் என அஞ்சினர். டிசம்பர் 21இன் சின்னம் மதுப்பீப்பாய். அது தோமையாரின் நாள். மயிலாப்பூரோடு மரபு இணைத்துப் பேசும் அதே தோமையாரை நார்வே மக்கள் ‘மது வடிக்கும் தோமா’ ஆக்கிவிட்டனர்! வாற்கோதுமை மது அதற்குள் வடித்து முடிந்திருக்க வேண்டும். அண்டை வீட்டார் சென்று சுவைத்துப் பார்ப்பர்.

இது வெறும் களியாட்டம் அன்று. மேற்கு நார்வேயின் பழைய குலாதிங் சட்டம், கிறித்துமசுக்கு மது வடித்தலை உழவரின் கடமையாகவே விதித்தது. அம்மதுவை நல்விளைவும் அமைதியும் வேண்டி வாழ்த்திப் பருகுதல் வேண்டும். தவறியவர் ஆயருக்குத் தண்டம் செலுத்தினர். மூன்றாண்டு தொடர்ந்து தவறியவரின் உடைமை பறிக்கப்பட்டு, மன்னருக்குப் பாதியும் ஆயருக்குப் பாதியுமாகப் பகிரப்படும் என்றது அச்சட்டம். விருந்தை மறுப்பவன் ஊரின் நல்விளைவையே மறுப்பவன் என்பது அக்கால எண்ணம் போலும்.

விருந்துக்குப் பின் வருவது கடுங்கணக்கு. பிப்ரவரி 2, மெழுகுதிரித் திருநாள். அன்று உலர்புல்லில் பாதியேனும் மிஞ்சியிருத்தல் வேண்டும் என்பது பல ஊர்களில் வழங்கிய அளவு. மிஞ்சாவிடில் வசந்தத்தில் எழுந்து நிற்கவும் வலுவற்ற பசுக்களை மேய்ச்சலுக்குத் தூக்கிச் செல்ல நேரும். மனிதர் நிலையும் பெரிதும் வேறன்று. 1807 முதல் 1814 வரை நடந்த போரில் ஆங்கிலேயர் கடல்வழியை அடைத்துத் தானியக் கப்பல்களைத் தடுத்தபோது, மரப்பட்டையை இடித்து மாவோடு கலந்து ரொட்டி சுட்டு உண்டனர். இதனை நினைந்தால்தான் ஜூலை 29இன் விருந்து விளங்கும். 1030இல் ஸ்டிக்லெஸ்டாட் போரில் வீழ்ந்த ஓலாவ் மன்னரின் நாள் அது, சின்னம் கோடரி. பால் பெருகும் அக்காலத்தில் புளித்த பாலாடையைக் காய்ச்சி, மாவிட்டுக் கூழ் கிண்டுவர். வெண்ணெய் தானே பிரிந்து மேலே மிதக்கும். வெண்ணெய் மிதக்கும் கூழ், பஞ்சம் அறிந்தவரின் விருந்து.

1537இல் லூத்தரின் சமயச் சீர்திருத்தம் நார்வேயில் நிலைபெற்றது. புனிதர் வணக்கம் நீங்கியது. 1700இல் புதிய நாள்கணக்கு வந்தது. பிப்ரவரி 18க்கு மறுநாள் மார்ச் 1 ஆயிற்று. பழைய கணக்கின்படி ஜனவரித் தொடக்கத்தில் ‘பழைய கிறித்துமஸ்’ கொண்டாடியவர்களும் இருந்தனர். 1770இல் அரசாணை ஒன்று பல திருநாள்களை வேலைநாள்களாக்கியது. கிறித்துமசின் மூன்றாம் நாளும் அவற்றுள் ஒன்று. ஆணைகள் வழிபாட்டை மாற்றின. அடுப்பை மாற்ற இயலவில்லை. கூழும் மதுவும் தத்தம் நாள்களை விடாது பற்றிக்கொண்டன. ஜனவரி 13இல் கிறித்துமஸ் முடிவதைக் காட்டக் கோல்களிற் காணப்படும் சின்னங்களுள் ஒன்று கவிழ்த்த மதுக்கொம்பு. பீப்பாய் காலி என்பது பொருள். கிறித்துமஸ் மரத்தை அந்நாளில் வீட்டிலிருந்து அகற்றும் வழக்கம் இன்றும் உண்டு.