இராஜராஜ சோழனும் சரித்திரக் கதைகளும்



சென்ற மாதம் பேச்சிப்பாறை அணைக்கரையில் நம் அன்பர் சிலர் கூடியிருந்த வேளையில், இளைஞர் ஒருவர் நம்மிடம் ஒரு விண்ணப்பம் செய்தார். இராஜராஜ சோழன் நம் குலத்தோன்றலே என்று நிலைநாட்டி இப்பத்திரிகையில் ஒரு வியாசம் வெளியிடல் வேண்டும் என்பதே அது. ஆதாரம் யாதென வினவினோம். அவர் காட்டியவை யாவும் நாவல்களே. நாம் இசையாமைக்குக் காரணம் கூறுதல் கடமையாதலின் இதனை எழுதலானோம்.

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வாரப்பத்திரிகையில் எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ இராஜராஜனது இளமைக் காலத்தைப் பொருளாகக் கொண்டது. கதை முடிந்த பின்னும் வாசகர் ஆவல் தணியவில்லை. பாத்திரங்கள் பின்னர் என்னவாயினர் என்று அவர்கள் கேட்டெழுத, ஆசிரியர் முடிவுரையில் விடையிறுத்தார். அக்கதையைத் தொடர்ந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை இயற்றினார். இராஜேந்திரனைப் பற்றிய அகிலனது ‘வேங்கையின் மைந்தன்’ 1963-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. பாலகுமாரன் பெரிய கோயிலை நடுவாக வைத்து ‘உடையார்’ எழுதினார். கல்கியின் கதை 2022, 2023 ஆண்டுகளில் இரு பாகமாகத் திரைக்கும் வந்தது. இப்பொழுது வாசகரே கிளைக்கதைகள் புனைந்து மகிழ்கின்றனர்.

இவற்றை நாம் பழிப்பதற்கில்லை. சோழர் பெயரைச் சாமானிய ஜனங்களின் இல்லந்தோறும் கொண்டு சேர்த்தவை இவையே. ஆயினும் கல் சொல்வது வேறு, கதை சொல்வது வேறு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என ரவிதாசன் முதலியோரைக் குறித்து, அவர்தம் சுற்றத்தாரின் நிலம் கைக்கொள்ளப்பட்டதைக் கூறுவது உடையார்குடிச் சாஸனம். வந்தியத்தேவர் குந்தவையாரின் கணவர் என்பதைத் தஞ்சைச் சாஸனம் அறிவிக்கின்றது. நந்தினியோ கல்கியின் கற்பனை. அவளது காதலும் பழியும் எக்கல்லிலும் இல்லை.

வெற்றி வீரனை உறவினனாக்கிக்கொள்ளும் ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. அலெக்ஸாந்தரை எகிப்தியர் கதை தங்கள் மன்னன் நெக்தனெபோவின் மகனாக்கிற்று. பாரசீகர் கதை தங்கள் அரசனுக்குப் பிறந்தவனாக்கிற்று. மலாய் மன்னர் வரலாறாகிய ‘செஜாரா மெலாயு’ அவ்வலெக்ஸாந்தரின் வழியில் ஒரு சோழ ராஜனையும் சேர்த்து, அவன் கண்ணாடிப் பேழையில் கடலுள் இறங்கிக் கடலரசன் மகளை மணந்தான் என்கிறது. 1025-இல் இராஜேந்திரன் கடாரத்தின்மேல் நிகழ்த்திய படையெடுப்பின் நிழல் அது என்று கருதுவர். வெல்லப்பட்டோரே வென்றவனைத் தம் பாட்டனாக்கிக்கொண்டனர்! சோழரும் இதற்கு விலக்கல்லர். கன்னியாகுமரியிலுள்ள வீரராஜேந்திரன் சாஸனம், மான் உருக்கொண்ட அரக்கனைத் துரத்திவந்த ஓர் ஆதிமன்னனைத் தம் முன்னோனாகக் கூறுகின்றது.

நிற்க. நம் நாஞ்சில் நாடு இராஜராஜனால் வெல்லப்பட்ட நாடு என்பதை நாம் மறத்தலாகாது. பாண்டி நாடே இராஜராஜப் பாண்டி நாடாயிற்று. கோட்டாறு மும்முடிச்சோழ நல்லூர் ஆயிற்று. சுசீந்திரம் சுந்தரசோழச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்டது. அவன் மெய்க்கீர்த்தியில் முன்னிற்பது காந்தளூர்ச் சாலை வெற்றி. அங்கு ‘கலமறுத்தல்’ என்பதற்கு மரக்கலங்களை அழித்தல் என்பாரும், உண்கலத்தைப் பற்றியது என்பாரும் உளர். நம் தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் இதனை ஆராய்ந்து ‘காந்தளூர்ச் சாலை’ என்றே ஒரு நூல் இயற்றினார். ஒரு சொல்லுக்குப் பொருள் காண அப்பெரியார் பட்ட பாட்டை நோக்குமின். ஒரு குலத்துக்குப் பாட்டனைக் காண எத்துணைப் பாடு வேண்டும்!

நாம் அமர்ந்து பேசிய பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிவுற்றது. அதன் ஆண்டைக் கூற நமக்கு ஏடு உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன் முடி சூடியவனை எங்களவன் என்று இன்று பல சமூகத்தார் வழக்காடுகின்றனர். அவ்வழக்கில் நாமும் ஒரு கட்சியாகச் சேர்ந்தால் அயலாரோடு பகை வளரும், அறிவு வளராது.

ஆகவே நம் இளைஞர் கதையைக் கதையாகப் படித்து இன்புறுக. பின்னர்ச் சுசீந்திரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் சென்று கல்லெழுத்தைப் படிக்கப் பழகுக. அவ்வாறு படித்தெழுதும் வியாசம் எதுவாயினும் இப்பத்திரிகையில் இடம்பெறும். குலத்தின் பெருமை இரவல் முடியால் வருவதன்று. மெய் கூறும் நாவால் வருவது.