மூன்று படிகளும் 44 உயிர்களும்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீதித்துறை என்றால் ஒரு படம்தான். கீழே மாவட்ட நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம், உச்சியில் உச்ச நீதிமன்றம். படத்தைச் சரியாக வரைந்தால் மதிப்பெண். அந்தப் படிகளில் நம் மக்கள் ஏறியபோது என்ன நடந்தது என்பது பாடத்தில் இல்லை. அதனால் எங்கள் மாலை வகுப்பில் கீழ்வெண்மணி வழக்கை வைத்தே இந்தப் பாடத்தை நடத்துகிறோம்.

1968 டிசம்பர் 25. கீழத் தஞ்சையில் கூலி உயர்வு கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் நின்ற தலித் விவசாயத் தொழிலாளர்களை நிலவுடைமையாளர்களின் கும்பல் தாக்கியது. உயிருக்குப் பயந்து ஒரே குடிசையில் ஒளிந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

முதல் படி: 1970இல் அமர்வு நீதிமன்றம் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. வேறு சிலரும் தண்டிக்கப்பட்டார்கள். இரண்டாம் படி: 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. ஏராளமான நிலம் வைத்திருக்கும் பணக்காரர்கள், வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து வந்து தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்றது அந்தத் தீர்ப்பு. மூன்றாம் படியிலும் அது மாறவில்லை.

"அப்போ அந்த 44 பேரை எரிச்சது யாருண்ணா?" என்று ஒரு மாணவி கேட்டாள். எந்தப் பாடநூலும் கேட்காத கேள்வி அது.

சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே என்ற விதி தவறு என்று நாங்கள் சொல்லித் தருவதில்லை. பொய் வழக்கில் சிறைக்குப் போகும் நம் இளைஞர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. நாங்கள் கேட்கச் சொல்வது வேறு: உயிர் பிழைத்தவர்களின் சாட்சியத்தைவிடப் பணக்காரனின் அந்தஸ்து எப்படி நம்பத்தக்கதாயிற்று? சட்டப் புத்தகம் ஒன்றுதான். அதைப் படிக்கும் கண்ணில் சாதியும் வர்க்கமும் இருக்கின்றன.

பாடம் இதோடு முடிந்தால் பிள்ளைகளுக்கு விரக்திதான் மிஞ்சும். எனவே அடுத்த பக்கத்தையும் திறக்கிறோம். கீழ்வெண்மணி போன்ற கொடுமைகளும் அவற்றுக்கு எதிரான போராட்டங்களும் 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவர வைத்தன. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், முன் அனுமதி இல்லாமல் கைது கூடாது என்று அந்தச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தது. ஏப்ரல் 2இல் நாடெங்கும் தலித் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பல உயிர்கள் போயின. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து அந்த நிபந்தனைகளை நீக்கியது. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. நீதித்துறை, சட்டமன்றம், மக்கள் ஆகியோருக்கு இடையிலான உறவுக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

இன்று அதே சட்டத்தின் 15ஏ பிரிவின்படி, ஜாமீன் முதல் தண்டனை வரை பாதிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு. வெண்மணியின் மக்களுக்கு அன்று அது இல்லை.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பிள்ளைகளை ஒரு நாள் நீதிமன்றத்துக்கு அழைத்துப் போங்கள். விசாரணையைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம். யார் நிற்கிறார்கள், யார் பேசுகிறார்கள், யாருடைய பேச்சு பதிவாகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். படத்தை அதற்குப் பிறகு வரையட்டும்.